பட்டாளத்தார் வீட்டுத் திண்ணை

விடியற்காலை நாலரைக்கு எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களுக்கு நடுவே கைவைத்த பனியனும் காக்கி அரைக்கால் சட்டையுமாக ஒரே ஒரு ஆண் நிற்பார். அவர் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர். இரண்டு கையிலும் இரும்பு வாளி. முறை வந்ததும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல், ஒரே அளவாக அடிவைத்து வருவார். வாளிப்பிடி கீச்சிடும் சத்தம் தெருமுனையில் கேட்டால் யாரும் மணி பார்க்க வேண்டியதில்லை.

"இன்னா பட்டாளத்தாரே, வீட்ல பொம்பளைங்க இல்லியா?" என்று குழாயடியில் யாராவது கேட்பார்கள். தாத்தா நின்று பதில் சொல்வார். "பத்தொம்பது வருசம் அவ ஒண்டியா தூக்கிட்டாம்மா. மிச்சம் என்னுது."

அந்த 'அவ' என் ஆயா, அம்மாவைப் பெற்றவள். அவள் காதுக்கு இது போனதில்லை. சின்னச் செம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போகும் எனக்குத்தான் தெரியும்.

ஊர் குடியாத்தம். அப்போது வட ஆர்க்காடு மாவட்டம். லுங்கித் தறியும் தீப்பெட்டியும் பீடியும் சோறு போடும் ஊர். நடுவே கவுண்டின்ய ஆறு. மழை பெய்த சில நாள் ஆறாக இருக்கும், மற்ற நாளெல்லாம் மணல்வெளி. 1954-ல் முதலமைச்சரான காமராஜர், சட்டமன்றத்துக்குள் நுழைய இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் ஊரில்தான். தாத்தா பட்டாளத்தில் சேர்ந்ததும் அந்த வருஷமே. எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்டால் தேதி சொல்ல மாட்டார். "காமராஜர் நின்னப்ப" என்பார். வயது பதினெட்டு. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த பையன், அப்பாவின் கடனை நினைத்து எழுந்து வேலூருக்குப் போய் மார்பளவு கொடுத்துவிட்டு வந்தான். எங்கள் பக்கத்தில் அது புது வழி இல்லை. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பி, ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர்.

நீலகிரியில் வெலிங்டன் பயிற்சி மையம். மெட்ராஸ் ரெஜிமென்ட். "1758-லேர்ந்து இருக்கிற படைடா. இந்திய காலாட்படையிலேயே மூத்தது நம்முது" என்று பையன்களிடம் சொல்லும்போது தாத்தாவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவருக்குப் பட்டாளம்தான் படிப்பும் கொடுத்தது. தேர்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ் என்று பட்டாளத்துப் பரீட்சைகள் உண்டு. இந்தியும், கையெழுத்துக்கும் தந்திக்கும் போதுமான இங்கிலீஷும் அங்கே கற்றார். சிப்பாயாகப் போனவர் 1973-ல் ஹவில்தாராகத் திரும்பினார். கூடவே வந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டால் நம்பர், ரேங்க், பேர்.

அந்தப் பெட்டியை மாதத்துக்கு ஒருமுறை திறப்பார். அந்துருண்டை வாசனையும் பிராஸோ வாசனையும் சேர்ந்து வரும். கம்பளியை மடித்து வைத்திருக்கும் விதத்தில் ஓரம் கத்தி போல நிற்கும். அடியில் டிஸ்சார்ஜ் புக், ஊசி நூல் பை, தொப்பியில் குத்துகிற யானைச் சின்னம், ஒரு துணியில் சுற்றிய மெடல்கள். சமர் சேவா ஸ்டார் 1965, ரக்ஷா மெடல் 1965 என்று எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பிறகு பூட்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, செர்ரி பிளாசம் டப்பாவில் லேசாகத் தொட்டு, முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். மூச்சை ஒருமுறை ஊதி, மறுபடி வட்டம். அரைமணி நேரத்தில் என் முகம் அதில் தெரியும். போட்டுக்கொண்டு போக இடம் எதுவும் இல்லை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டு நாள்தான். முனிசிபல் பள்ளியில் கொடி ஏற்றும்போது எல்லாருக்கும் பின்னால், சுவர் ஓரமாக நின்று சல்யூட் அடிப்பார். முன் வரிசைக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்.

"தாத்தா, சண்டையில எத்தினி பேரைச் சுட்டே?" என்று எட்டு வயதில் நான் கேட்டேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். 1965 செப்டம்பரில் அவருடைய 4 மெட்ராஸ், சியால்கோட் முனையில் மகாராஜ்கே என்ற ஊரைப் பிடித்தது. அந்தப் போரில் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் மேத்தா உயிரிழந்தார். மகாவீர் சக்ரா அறிவித்தார்கள். பட்டாலியனுக்குப் போர் கௌரவமும் கிடைத்தது. ஆனால் தாத்தா எனக்குச் சொன்னது இதையெல்லாம் இல்லை. ஊர் காலியாகிவிட்டிருந்தது. ஒரு வீட்டுக்குள் பார்த்தார். அடுப்பு அணையவில்லை. பக்கத்தில் ஒரு தட்டில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு. மேலே ஈரத்துணி மூடியிருந்தது.

"பிசைஞ்சி மூடி வெச்சிட்டு ஓடிருக்கு, யாரோ ஒரு ஆயா. வந்து சுட்டுக்கலாம்னு நெனச்சிருக்கும். கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்" என்றார்.

பட்டாளக் கதை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். மற்றதை அவர் செய்து காட்டினார், சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் திண்ணை நிரம்பிவிடும். புருஷனையோ மகனையோ பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்த பெண்கள் கையில் நீல இன்லாண்டு லெட்டரோடு வருவார்கள். முகவரியில் ஊர் இருக்காது. நம்பர், பேர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ, அவ்வளவுதான். பஞ்சாபா அசாமா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தா பெரிய இரும்பு மக்கில் இஞ்சி தட்டிப்போட்ட டீயோடு உட்காருவார். லங்கர் டீ என்று அதற்குப் பேர். வந்தவர்களுக்கும் ஆளுக்கு அரை டம்ளர் உண்டு. முதலில் வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவார். பிறகு பதில் எழுதுவார். எழுதி முடித்ததும் ஓரத்தில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டுவது என் வேலை.

அவர் எழுதும் விதம் வேறு. "அன்புள்ள கணவருக்கு, இவ்விடம் அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்" என்றெல்லாம் எழுத மாட்டார். அந்தப் பெண் எப்படிச் சொல்கிறாளோ அப்படியே எழுதுவார். 'கறுப்பு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சி. ஒண்ணு பொட்டை. உங்கம்மா என்னோட பேசறதில்லே. சின்னவன் உன் சட்டையைப் போட்டுக்கினு தூங்கறான்.' இப்படித்தான் இருக்கும். பக்கத்து வீட்டு வாத்தியார் ஒருமுறை, "கொஞ்சம் திருத்தி எழுதக் கூடாதா?" என்று கேட்டபோது தாத்தாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். "எனக்குப் பத்தொம்பது வருசம் திருத்தி எழுதின லெட்டர்தான் சார் வந்தது" என்றார்.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. யாரோ ஒரு படித்தவரிடம் சொல்லி எழுதுவாள். அவர் நல்ல தமிழில் எழுதி அனுப்பிவிடுவார். பனியிலும் மணலிலும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பிரித்துப் படித்தாலும் அதில் ஆயாவின் குரல் இருக்காது. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தீப்பெட்டி ஒட்டி, மணியார்டர் வராத மாதம் தாலிக்குண்டு அடகு வைத்தது எதுவும் அந்த 'நலம்' என்ற சொல்லுக்குள் தெரியவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார். வாளி தூக்கியதும் திண்ணையில் கடிதம் எழுதியதும் அந்த ஒரே வருத்தத்திலிருந்து வந்தவை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் ஆற்றுமணலில் பையன்கள். ஆள் எடுப்புக்குத் தயாராகிறவர்கள். பட்டாளத்தில் கடைசியாக வெலிங்டனில் பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாக இருந்தவர், அதை இங்கேயும் விடவில்லை. ஒரு மைல் ஓட்டம், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுதல், கம்பியில் தொங்கி மோவாயைத் தூக்குதல். மார்பு எழுபத்தேழு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும். விரியாதவர்களுக்கு வேர்க்கடலை ஊறவைத்து வீட்டிலிருந்து எடுத்துப்போவார். "சாவ்தான்!" என்று அவர் குரல் கொடுத்தால் அக்கரையில் துணி துவைக்கிறவர்களும் ஒரு கணம் நிமிர்வார்கள். ஒரு பைசா வாங்கியதில்லை. கேன்டீன் ரம் கேட்டு வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும், சிபாரிசு கேட்டு வந்தவர்களை ஆற்றுக்கு அனுப்பியதும் ஒரே முகத்தோடுதான்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை ஊர்வலமாகக் கிளம்பி கோபாலபுரம் கோயிலுக்கு வரும்போது வழியெல்லாம் தேங்காய் உடையும். ஆற்றுமணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். சாமி பார்க்க எல்லாரும் முண்டும்போது தாத்தா சாமிக்கு முதுகைக் காட்டி நிற்பார், கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. காணாமல் போகும் குழந்தைகள். ஒரு கீற்றுப் பந்தல், ஒரு அண்டா மோர், ஒரு நோட்டு. அழுதுகொண்டு வரும் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்து, முதலில் மோர், அப்புறம் பேர். நோட்டில் எழுதுவார்: சிவப்பு கவுன், வலது காதில் மட்டும் கம்மல், அம்மா பேர் 'அம்மா'. கடைசிக் குழந்தையைக் கொண்டுபோக ஆள் வரும் வரை அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டதில்லை.

அந்த மணலில் ஓடிய பையன்களில் ஒருவர் எங்கள் தெருக் கடைசி வீட்டு அண்ணன். தறிக்காரர் மகன். இரண்டு முறை மார்பளவில் தோற்று, மூன்றாம் முறை தேர்வானவர். லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டபோது தாத்தா மொய்க்கவரோடு காதில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "யூனிட்டுக்குப் போனதும் மொதல் வேலையா பார்ட் டூ ஆர்டர் போட்டுடு. பொண்டாட்டி பேர் ரெக்கார்டுல ஏறணும்." கல்யாண வீட்டில் இது என்ன பேச்சு என்று அண்ணனின் அம்மா முகம் சுளித்தார்.

1987 அக்டோபர். நான் ஆறாம் வகுப்பு. ஜூலை 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதிப்படை என்ற பேரில் நம் ராணுவம் இலங்கைக்குப் போயிருந்தது. அக்டோபர் 10-ல் அங்கே சண்டை மூண்டது. எங்கள் தெருச் சுவரெல்லாம் ஈழத்துக்கான சுவரொட்டிகள். அதை ஒட்டியவர்களும் தாத்தாவிடம் ஓடக் கற்றுக்கொண்ட பையன்கள்தான். தீபாவளி கழிந்து சில நாள். வெடித்தாள் இன்னும் தெருவில் கிடந்தது. மத்தியானம் தபால்காரர் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். தந்தி எங்களுக்கு இல்லை, தெருக் கடைசி வீட்டுக்கு. இங்கிலீஷில் இருந்ததைப் பார்த்து, அந்த வீட்டில் போய்த் தனியாக நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

தாத்தா படித்தார். ஒருமுறைதான் படித்தார். மடித்தார். உள்ளே போய் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "நீ வராதே கண்ணு" என்றார். ஆயாவைப் பார்த்து, "நீ வா" என்றார். இருவரும் நடந்து போனார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பதினெட்டு வீடு. தாத்தா அவ்வளவு மெதுவாக நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்கள் உள்ளே நுழைந்த பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்த சத்தம் இந்த வயதிலும் என் காதில் இருக்கிறது.

அண்ணனின் உடல் வரவில்லை. பெட்டி ஒன்று வந்தது, தாத்தாவுடையதைப் போலவே கறுப்பு. துக்கத்துக்கு எப்படிக் கூடுவது என்று தெரு தயங்கியது. எந்தப் பக்கம் நின்று அழுவது என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. தாத்தா சுவரொட்டிப் பையன்களின் வீட்டுக்குப் போய், "பந்தல் போடணும், வாங்கடா" என்று மட்டும் கூப்பிட்டார். வந்தார்கள். ஒருவன் கழியை நட்டுக்கொண்டே அழுதான். இலங்கைக்குப் போன படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. கடைசி வீரர்கள் 1990 மார்ச்சில் கப்பலில் வந்து இறங்கியபோது தமிழக அரசின் சார்பில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "ஆர்டருக்குப் போனவன்டா. இங்கயும் நம்ம புள்ளைங்க, அங்கயும் நம்ம புள்ளைங்க." இன்றைக்கும் இதற்கு மேல் சரியான ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. கைக்குழந்தை ஒன்று. அவள் பேர் ரெக்கார்டில் ஏறியிருந்தது. கல்யாண வீட்டில் காதில் சொன்னதை அண்ணன் செய்திருந்தார். ஆனால் ரெக்கார்டில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக ஓர் அலுவலகத்தில் பென்ஷன் காகிதம் மாதக்கணக்கில் கிடந்தது. வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்குக் கடிதம், அலகாபாத் பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்குக் கடிதம், நோட்டரி, அபிடவிட். பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு பஸ். தாத்தா ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதினார்: தேதி, பஸ் கட்டணம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள். இருபத்து மூன்று தடவை. கத்தியதில்லை, கெஞ்சியதும் இல்லை. சலவைச் சட்டையோடு போய் நாற்காலி முன்னால் நின்று, "இருக்கேன் சார், நீங்க பாருங்க" என்பார். இருப்பார்.

அக்காவின் பென்ஷன் வரும்வரை, பதினான்கு மாதமும் தன் பென்ஷனில் ஒரு பகுதியை அவள் கையில் கொடுத்தார். கடன் என்று அதே நோட்டில் எழுதினார். ஆயாவுக்கே அது பிடிக்கவில்லை. "தாலி அறுத்த பொண்ணுகிட்ட கணக்கா?" என்றாள். அரியர்ஸ் வந்ததும் அக்கா கொண்டுவந்து கொடுத்தபோது தாத்தா எண்ணி வாங்கிக்கொண்டார். "வாங்காட்டி அவ நம்ம வாசலைத் தாண்டும்போதெல்லாம் தலை குனிவா" என்றார். அன்றைக்கு ஆயா பேசவில்லை. எனக்கு அது புரிய வெகுநாள் ஆயிற்று.

முதல் தடவை பாரம் நிரப்பியபோது அந்த அலுவலகத்தில் மை டப்பாவை நீட்டினார்கள், கைநாட்டுக்கு. தாத்தா அதைத் திருப்பி வைத்தார். "அடுத்த வாரம் வர்றோம்" என்று எழுந்துவிட்டார். திரும்பும் வழியில் பஜாரில் பலகையும் பலப்பமும் வாங்கினார். அந்த வாரம் முழுக்க எங்கள் திண்ணையில் சாயங்காலம் அக்காவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். குழந்தை ஆயாவின் மடியில். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் தேய்த்தார். கையெழுத்து இனிஷியலில்தானே தொடங்கும். அதனால் அவள் வாழ்க்கையில் முதலில் எழுதிய எழுத்து அண்ணன் பேரின் முதலெழுத்து. அதை எழுதி, அழித்து, எழுதி, அழித்து, ஒரு மாலை முழுதும் அந்த ஒரு எழுத்தைத் தாண்டவே இல்லை. நான் அவசரப்படுத்தினேன். "விடுடா, அவ எழுதட்டும்" என்றார் தாத்தா.

2004-ல் தாத்தா இறந்தார். முந்தின நாள் காலைவரை வாளி தூக்கினார். துப்பாக்கி மரியாதை எதுவும் கிடையாது. ஆனால் எங்கெங்கோ லீவிலும் ஓய்விலும் இருந்த ஆற்றுமணல் பையன்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். தூக்கும்போது யாரும் சொல்லாமலே கால் ஒன்றாகச் சேர்ந்து நடந்தது. ஆயா மறுநாளிலிருந்து குழாயடிக்குப் போகக் கிளம்பினாள். அக்காவின் மகன் வாளியை வாங்கிக்கொண்டு போனான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

டிரங்குப் பெட்டியும் நோட்டும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. போன நவம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கும் மாதம். அக்காவோடு பேங்குக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் சின்ன மெஷினைத் தள்ளி, "விரலை வெச்சாப் போதும்மா, எழுத வேணாம்" என்றான். அக்கா, "பாரம் இருந்தாக் குடு தம்பி, நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். எடுத்துக் கொடுத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் இனிஷியலை எழுதினார். ஒரு கணம் நிறுத்தி, பிறகு தன் பேரை எழுதினார்.